இரத்தமா, மூச்சா, கொப்பியா? வயிற்றுக்கு ஒத்துவராததைக் கண்டுபிடிக்கும் மூன்று வழிகள்

காலை பத்தரைக்குக் கந்தோரில் இரண்டாவது பால் தேத்தண்ணி. பதினொன்றரைக்குள் வயிறு மேளமாக உப்பி, பெல்ட்டில் ஒரு ஓட்டை தளர்த்த வேண்டிவரும். இரண்டு வருடமாக இதைக் 'கேஸ்' என்றே சொல்லித் திரிந்தேன். மனைவிக்குச் சந்தேகம் இரவுக் கொத்தில், எனக்குப் பாணில். அம்மா மட்டும், "பால்தான் உனக்கு ஒத்துவரேல்ல" என்றார். சொன்னதோடு நிற்காமல் சொதியையும் நிறுத்திவிட்டார்.

முதலில் ஒன்று. இறால் தின்ற சில நிமிடங்களில் உதடு வீங்கி, உடம்பில் தடிப்பு எழும்பி, மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீட்டில் திரும்பத் தின்று பார்க்கும் விளையாட்டு அதற்குக் கூடாது. வெயிலில் கிடந்த சூரை மீனைத் தின்று முகம் சிவந்து தலையிடித்தால், அது பெரும்பாலும் மீனில் சேர்ந்த ஹிஸ்டமின் என்ற இரசாயனம் செய்யும் வேலை. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. நான் இங்கே பேசுவது இந்த இரண்டையும் அல்ல, சாப்பிட்டது செமிக்காமல் வயிற்றைப் படுத்தும் வகையை.

நான் முதலில் போனது இரத்தப் பரிசோதனைக்கு. ஒரு குழாய் இரத்தம் கொடுத்தால், எந்தெந்தச் சாப்பாடு ஆகாது என்று பட்டியல் வரும் என்றார்கள். சம்பளத்தில் நல்ல ஒரு துண்டு அதற்குப் போனது. வந்த தாளில் அரிசி, தேங்காய், முட்டை, பருப்பு எல்லாம் சிவப்பில்! அதாவது நான் தினமும் தின்பதெல்லாம். பிறகுதான் விளங்கியது: அதில் அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம். ஒரு சாப்பாட்டை அடிக்கடி தின்றாலே அதற்கான ஐஜிஜி இரத்தத்தில் இருக்கும். இந்த வகைப் பரிசோதனையை நம்பி உணவை ஒதுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை வைத்தியர் அமைப்பு 2008இலேயே அறிக்கை விட்டிருக்கிறது. பால் செமிக்காததற்குக் காரணம், லாக்டோஸ் என்ற பால்சீனியை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலில் குறைவது. அந்தக் குறையை எந்த எதிர்ப்புப் புரதமும் காட்டித் தராது. மூன்றில் இதை நான் கடைசி இடத்தில்கூட வைக்கமாட்டேன்.

மூச்சுப் பரிசோதனை நேர்மையானது. வெறும் வயிற்றில் 25 முதல் 50 கிராம் வரை லாக்டோஸ் கரைத்துக் குடிக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று மணித்தியாலம் இடைக்கிடை குழாயில் ஊதவேண்டும். செமிக்காத சீனியைப் பெருங்குடலில் கிருமிகள் புளிக்க வைக்கும்போது வரும் ஹைட்ரஜன், மூச்சில் 20 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 20 பங்கு) கூடினால் பால்சீனி செமிக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் 50 கிராம் என்பது ஒரு லீற்றர் பாலில் இருக்கும் அளவு. ஒரே மூச்சில் ஒரு லீற்றர் பால் குடிப்பவர் யார்? முடிவு 'இருக்கிறது' என்று வந்தாலும், ஒரு கோப்பை தேத்தண்ணி தாங்குமா என்பது தெரியாமலே இருக்கும். கோதுமையைப் பற்றியும் இது வாய் திறக்காது.

கடைசியில் கைகொடுத்தது பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பி. நாலு கோடு: நேரம், என்ன சாப்பாடு, எவ்வளவு, வயிறு என்ன சொன்னது. பத்து நாள் எழுதிவிட்டு இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்தினேன். அதற்குள் கோயில் பொங்கலோ கலியாணவீடோ வராதபடி நாள் பார்க்க வேண்டும். திருகோணமலையில் அதுவே பெரிய பாடு. உப்பல் நின்றது. இங்கேதான் பலரும் பிழை விடுகிறார்கள். சுகம் வந்ததும் அப்படியே பாலைக் கைவிட்டுவிடுவார்கள். திரும்பச் சேர்த்துப் பார்த்தால்தான் அது பாலா, வெறும் நினைப்பா என்று தெரியும்.

சேர்த்தேன். ஒரு கரண்டி பால்மா போட்ட தேத்தண்ணி, மூன்று நாள்: ஒன்றுமில்லை. கும்பமாக இரண்டு கரண்டி, காலையில் இரண்டு கோப்பை: பதினொன்றரைக்கு மேளம். பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாக்டோஸ். கும்பக் கரண்டி பத்துக் கிராம் என்றால் ஏறக்குறைய நாலு கிராம், நாலு கரண்டிக்குப் பதினைந்து. லாக்டேஸ் குறைவு உள்ளவர்களிலும் பலர் ஒரு நேரத்தில் 12 கிராம் வரை தாங்குவார்கள். நான் அதைத் தாண்டித்தான் குடித்துக்கொண்டிருந்தேன். சொதி அநியாயமாக நின்றது. தேங்காய்ப்பாலில் லாக்டோஸே இல்லை.

கொப்பிக்கும் குறை உண்டு. சந்தேகம் பாண், ரொட்டி, கோதுமை மாப் புட்டில் என்றால், நிறுத்த முன் வைத்தியரிடம் சீலியாக் நோய்க்கான (கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் நோய்) இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். கோதுமையை விட்ட பிறகு செய்தால் நோய் இருந்தும் பிடிபடாமல் போகலாம். (இரத்தப் பரிசோதனை என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, இது வேறு.) உடம்பு மெலிவது, மலத்தில் இரத்தம், இரத்தச் சோகை, இரவில் எழுப்பும் வயிற்றோட்டம் இருந்தால் கொப்பியை மூடிவிட்டு நேரே வைத்தியரிடம் போங்கள். பிள்ளைகளுக்கு நீங்களாகப் பாலை வெட்டவும் வேண்டாம்.

இப்போது கந்தோரில் பத்தரைக்கு வெறுந்தேத்தண்ணி. கந்தளாய் வீதியால் வரும்போது முட்டித் தயிர் வாங்குவதை மட்டும் விடவில்லை. புளிக்கும்போது லாக்டோஸ் குறைந்துவிடும். அம்மா இன்னும் நம்பவில்லை. தயிர்ச் சட்டியை என் பக்கம் தள்ளும்போதெல்லாம் என் பெல்ட்டைத்தான் பார்க்கிறார்.