ஹாலுக்கு ஒரு டாக்: ஐஃபை ஜென்னா, டாப்பிங் இ30 டூவா?

ஹால்ல ஸ்டீரியோ ஆம்ப், ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர், பாட்டு வர்றது பாதி டெஸ்க்டாப்லேர்ந்து பாதி டிவிலேர்ந்து, இதுக்கு டாக் (டிஜிட்டல் பாட்ட ஆம்புக்கு ஏத்த அனலாக் சிக்னலா மாத்துற சின்னப் பெட்டி) தேடுனப்போ கடைசியா நின்னது ஐஃபை ஜென் டாக் வி2வும் டாப்பிங் இ30 டூவும்தான். நான் வாங்குனது டாப்பிங். பின்பக்கம் என்னென்ன சாக்கெட் இருக்குன்னு பாத்துத்தான் முடிவு பண்ணேன்.

உள்ள இந்த மாத்துற வேலைய செய்யுற சிப்ப பத்தி ரொம்ப மண்டைய உடைச்சுக்க வேணாம். ஜென்ல பர்-பிரவுன், டாப்பிங்ல ரெண்டு ஏகேஎம் 4493எஸ், ரெண்டுமே ஆம்புக்குப் போற ஆர்சிஏ சாக்கெட்ல 2 வோல்ட் கிட்ட குடுக்கும், சத்தத்த ஒரே அளவுல வச்சு கேட்டா எனக்கு பிரிச்சு சொல்லத் தெரியாது. ஜென்ல எம்க்யூஏங்கற ஆடியோ ஃபார்மேட் ஓடுமேன்னு கேப்பாங்க, அத குடுத்துட்டு இருந்த ஸ்ட்ரீமிங் சர்வீஸ் டைடலே 2024 ஜூலைல கைவிட்டாச்சு, இப்போ அதுக்காக வாங்க ஒண்ணுமில்ல.

ஜென்னோட பலம் ஹெட்ஃபோன். முன்னாடியே பெரிய வால்யூம் நாப், 6.3 மில்லிமீட்டர் ஜாக், பக்கத்துல பேலன்ஸ்டு ஹெட்ஃபோன் ஒயருக்கு 4.4 மில்லிமீட்டர் ஜாக். டாப்பிங்ல ஹெட்ஃபோன் ஜாக்கே கிடையாது. நான் ஹெட்ஃபோன்ல கேக்குறது கம்மி, அதனால அந்த ஆம்ப் எவ்ளோ நல்லா இருக்குன்னு என்னை நம்பி முடிவு பண்ணாதீங்க, மேஜைல உக்காந்து ஹெட்ஃபோன்லயே கேக்குறவங்களுக்கு ஜென்தான் சரி.

ஆனா ஜென்ல உள்ள போறதுக்கு வழி யூஎஸ்பி ஒண்ணுதான். டாப்பிங்ல யூஎஸ்பியோட ஆப்டிகலும் கோஆக்சியலும் இருக்கு. டிவிய இணைக்கணும்னா ஆப்டிகல் வேணும்ங்கறது எல்லாருக்கும் தெரியும், எனக்கு அதவிட பெருசா பட்டது எர்த் விஷயம். டெஸ்க்டாப்புக்கு மூணு பின் பிளக், நிறைய ஆம்புக்கும் மூணு பின், நடுவுல யூஎஸ்பி ஒயர் போட்டா பிசியோட கிரவுண்டு டாக் வழியா ஆர்சிஏ ஒயர்ல ஏறி ஆம்புக்கு வந்துரும், எர்த் ஒரு வட்டம் சுத்திரும். அப்போதான் அந்த ம்ம்ம்னு 50 ஹெர்ட்ஸ் ஹம், மவுஸ நகத்துனா கீச்னு சன்னமா ஒரு சத்தம், கேம் ஓடுனா கிராஃபிக்ஸ் கார்டோட இரைச்சல், பாட்டு மெதுவா போற இடத்துல எல்லாம் வெளிய தெரியும். இதுல எந்த டாக்கோட குத்தமும் இல்ல, எவ்ளோ காசு குடுத்து வாங்குன யூஎஸ்பி டாக்லயும் வரலாம். லேப்டாப்ல கேக்குறவங்க சார்ஜர கழட்டி பேட்டரில ஓட்டிப் பாருங்க, சத்தம் நின்னுச்சுன்னா இதேதான். தயவுசெஞ்சு பிளக்குல எர்த் பின்ன மட்டும் கழட்டிராதீங்க, அது உயிர் காக்குற பின்.

ஆப்டிகல்ல போறது வெறும் வெளிச்சம், ஒயர் நுனிய பாத்தா செவப்பா மினுக்கும், கரண்டு தொடர்பே கிடையாது, அதனால வட்டம் அங்கயே அறுந்துரும். மதர்போர்டு பின்னால ஆப்டிகல் அவுட் இருக்கான்னு ஒருதடவ எட்டிப் பாருங்க, நிறைய போர்டுல சும்மா கெடக்கும். யூஎஸ்பி ஒயர்ல கிரவுண்ட பிரிச்சு விடுற ஐசொலேட்டர் போட்டா ஆகாதான்னா ஆகும், ஆனா மலிவானது பலதும் 12 எம்பிபிஎஸ்ஸோட நின்னுரும், 192 கிலோஹெர்ட்ஸ் மாதிரி ஹை-ரெஸ் (சிடிய விட நுணுக்கமா பதிஞ்ச) ஃபைலுக்கு அது பத்தாது, வேகமானது வாங்கப் போனா காசு எகிறுது. ஆப்டிகல் ஒயர் அதுல ஒரு துளி வெலதான். 192 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் டாப்பிங் ஆப்டிகல்ல வாங்கும். டிஎஸ்டி512 மாதிரி ரொம்பப் பெரிய ஃபார்மேட் ஃபைல் கேக்கணும்னாதான் யூஎஸ்பி தேவப்படும், என்கிட்ட இருக்குறது முக்காவாசி சிடிலேர்ந்து எடுத்த 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைல்தான்.

ஒரே ஒரு இடத்துல கவனம். டாப்பிங் 5 வோல்ட்ல ஓடுறது, கூட வர்ற பவர் ஒயரோட மறுமுனை யூஎஸ்பி. அத கொண்டுபோய் பிசிலயே சொருகுனீங்கன்னா ஆப்டிகல்ல அறுத்த கிரவுண்டு இந்தப் பக்கமா திரும்ப வந்துரும். ரெண்டு பின் ஃபோன் சார்ஜர் தனியா ஒண்ணு குடுத்துருங்க. ஆப்டிகல் ஒயர் நுனில சின்னதா பிளாஸ்டிக் மூடி இருக்கும், அத எடுத்துட்டு சொருகுங்க, ரொம்ப மடிச்சும் வளைக்காதீங்க. டிவி சவுண்டு செட்டிங்ல டிஜிட்டல் அவுட்ட பிசிஎம்னு (சாதா ஸ்டீரியோ டிஜிட்டல்) மாத்துங்க, டால்பில விட்டா இந்த மாதிரி ஸ்டீரியோ டாக்குக்கு அது புரியாது, பாட்டு வராது.