கூரை ஷீட் கடையின் எஸ்டிமேட்: ஷீட் சரி, திருகுக் கணக்கு சரியில்லை

மொட்டை மாடிக்குச் சாய்ப்புக் கூரை போடுவதற்காக, சென்னையின் தெற்குப் புறநகரில் உள்ள ஒரு ஷீட் கடையில் அண்மையில் எல்லாப் பொருள்களையும் ஒரே பில்லில் வாங்கினோம். கடையின் பெயரை நான் எழுதவில்லை. நான் சொல்லவிருக்கும் குறை, விலை விசாரித்த மற்ற கடைகளின் எஸ்டிமேட்டிலும் அப்படியே இருந்தது. ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகாது.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். கலர் கோட்டட் ஷீட் கேட்ட 0.50 மி.மீ. தடிமனில், கேட்ட நீளத்துக்கு வெட்டப்பட்டு, சொன்ன நாளில் வந்து சேர்ந்தது. மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புப் படலம் எங்கும் கிழியவில்லை, விளிம்புகளும் மடங்கவில்லை. ஷீட்டின் மொத்த அகலம் 1070 மி.மீ. என்றாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் போடும்போது ஒரு மீட்டரைத்தான் மூடும் என்பதைக் கணக்கில் கொண்டு, 33 அடி நீளத்துக்குப் பத்து ஷீட் என்று சரியாகவே எழுதினார்கள். விலையிலும் குறை சொல்ல எதுவுமில்லை.

திருகில்தான் சிக்கல். எஸ்டிமேட் போட்டவர் கூரையின் நீளம், அகலம், நிறம் ஆகிய மூன்றை மட்டுமே கேட்டார். 33 அடிக்கு 20 அடி, ஆக 660 சதுர அடி. சதுர அடிக்கு ஒன்று என்று வைத்து, முழு எண்ணாக்கி, 55 மி.மீ. நீளமுள்ள செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, அதாவது தானே துளையிட்டு இறங்கும் திருகு, 700 என்று எழுதிவிட்டார். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் எத்தனை அடிக்கு ஒன்று வருகிறது, எந்தக் குழாயில் வருகிறது, ஷீட்டின் மேட்டில் அடிப்பதா பள்ளத்தில் அடிப்பதா என்று ஒரு கேள்வியும் இல்லை. திருகு சதுர அடியில் இறங்குவதில்லை. ஷீட்டின் மேடும் அடியிலுள்ள பர்லினும் சந்திக்கும் இடத்தில்தான் இறங்குகிறது. ஆகவே எண்ண வேண்டியது அந்தச் சந்திப்புகளை.

எங்கள் கூரையையே எடுத்துக்கொள்ளலாம். சரிவின் வழியே 20 அடி. பர்லின் நான்கு அடிக்கு ஒன்று. இடைவெளி ஐந்து என்பதால் பர்லினையும் ஐந்து என்று எண்ணிவிடுவது வழக்கமான பிசகு. தொடக்கத்தில் நிற்பதையும் சேர்த்தால் ஆறு. ஷீட்டில் 250 மி.மீ.க்கு ஒரு மேடு. பக்க விளிம்பில் இரண்டு ஷீட்டின் மேடுகள் ஒன்றாகிவிடுவதால், பத்து ஷீட்டுக்கு 41 மேடுகள். மேல் விளிம்பு, கீழ் விளிம்பு ஆகிய இரண்டு பர்லின்களிலும் ஒவ்வொரு மேட்டிலும் அடித்தால் 82. நடுவிலுள்ள நான்கு பர்லின்களில் ஒன்றுவிட்டு ஒன்று போதும். வரிசைக்கு 21 வீதம் 84. இரு பக்கக் கடைசி ஷீட்டுகளில் மட்டும் அந்த நடு வரிசைகளிலும் விடாமல் அடிக்க வேண்டும் என்று கூரையைச் செய்து பொருத்திய எங்கள் ஃபேப்ரிகேட்டர் வற்புறுத்தினார், அதற்கு 16. ஆக நீளத் திருகு 182.

அவர் வற்புறுத்தியதில் பொருள் இருக்கிறது. காற்று கூரையை அழுத்துவதைவிட உறிஞ்சித் தூக்குவதே ஆபத்து. அந்த இழுப்பு விளிம்புகளிலும் மூலைகளிலும்தான் மிகுதி. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 50 மீட்டரையும், கோவைக்கும் மதுரைக்கும் 39 மீட்டரையும் வைத்திருக்கிறது. வேகம் கூடும்போது காற்றின் விசை அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், கோவைக் கூரையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலான இழுப்பைச் சென்னைக் கூரை தாங்கியாக வேண்டும். கோவையில் ஒருவர் போட்ட கணக்கை அப்படியே எடுத்துவந்து இங்கே பொருத்தக் கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசியபோது இங்கே இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, எஸ்டிமேட்டில் பெயரளவுக்குக்கூட இடம்பெறாத குட்டைத் திருகு. ஷீட்டும் ஷீட்டும் சேரும் பக்க இணைப்பு ஒன்பது இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு பர்லின்களுக்கு நடுவே ஒரு திருகு வீதம் 45 வேண்டும். விளிம்பை மூடும் மடித்த தகடான ஃபிளாஷிங்குக்கு, இரு பக்கவாட்டிலும் இரண்டு அடிக்கு ஒன்றாக 22, மேல் விளிம்பு ஃபிளாஷிங்குக்கு 21. ஆக 88. இந்த இடங்களில் இருக்கிற நீளத் திருகையே அடித்துவிடலாம் என்பது கடைக்காரரின் யோசனை. அடித்தால் இரண்டு கேடு. மேட்டின் ஆழம் 28 மி.மீ.தான் என்பதால், 55 மி.மீ. திருகின் கூர்முனை ஷீட்டுக்குக் கீழே இரண்டு செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். துணி உலர்த்தும் கொடி கட்டுகிற இடத்தில் அது தேவையா? அடுத்தது, குழாயைத் துளைப்பதற்கென்று செய்யப்பட்ட அதன் தடித்த முனை, மெல்லிய இரண்டு தகடுகளில் துளையைப் பெரிதாக்கிவிடும். மரை பிடிக்காமல் திருகு சும்மா சுற்றும். ஷீட்டோடு ஷீட்டைச் சேர்ப்பதற்கென்றே சிறிய முனையோடு தனித் திருகு விற்கிறார்கள். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

182-ம் 88-ம் சேர்ந்து 270. கீழே விழுவது, முனை மழுங்குவது, கோணலாக இறங்குவது ஆகியவற்றுக்குப் பத்து விழுக்காடு கூட்டினால், நீளத்தில் 200, குட்டையில் 100 என்று நிற்கிறது. கடை எழுதியதோ நீளத்தில் 700, குட்டையில் ஒன்றுமில்லை. எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் வேலைக்கு வேண்டிய ஒரு வகை அதில் இல்லை. கூடுதலாக வாங்கியதால் நட்டம் சில நூறு ரூபாய்தானே என்று கேட்கலாம். கையில் மிகுதியாக இருந்தால் வேலையாள் அடிக்க வேண்டாத இடத்திலும் அடித்துவிடுவார். அடித்த ஒவ்வொரு திருகும் ஷீட்டில் போட்ட ஒரு துளை, மழைநீர் வழி தேடும் ஓர் இடம்.

கடை கொடுத்த திருகின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. எட்டு மி.மீ. சாக்கெட்டில் தலை ஆடாமல் உட்கார்ந்தது. வாஷரின் ரப்பர், வெயிலைத் தாங்கும் செயற்கை ரப்பரான இபிடிஎம் வகை. நகத்தால் அழுத்தினால் தழும்பு நிற்காமல் மீண்டது. மலிவான வாஷர்கள் வெயிலில் காய்ந்து வெடிப்பது ஒழுகலுக்கு ஒரு முக்கியக் காரணம் என்பதால், வாங்குவோர் இதைக் கவுண்டரிலேயே பார்த்துவிட வேண்டும். இறுக்கும்போது உலோக வட்டின் ஓரத்தில் ரப்பர் இம்மியளவு எட்டிப் பார்த்தால் போதும். பிதுங்கி வெளியே வந்தால் அதிகம் இறுக்கிவிட்டார்கள் என்று பொருள். துளையிட்டபோது சிதறிய இரும்புத் துகள்களை அன்று மாலையே பெருக்கிவிட வேண்டும். ஒரு மழை பெய்தால் புது ஷீட்டில் துருக்கறை படிந்துவிடும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, ஃபேப்ரிகேட்டர்தான் சொன்னார்.

நூறு நூறாகக் கட்டிய பொட்டலங்களில் திருகு வந்ததால், பிரிக்காத ஐந்தையும் திருப்பிக் கொடுக்க முடிந்தது. பணமாகத் தரவில்லை, குட்டைத் திருகு ஒரு பொட்டலம் கொடுத்து, மீதித் தொகையை மழைநீர்க் குழாய்க்கான பில்லில் கழித்துக்கொண்டார்கள். ஷீட்டுக்கு இந்தக் கடைக்கே மறுபடியும் போவேன். திருகுக்குப் போகும்போது பர்லின் வரைபடத்தைக் கையில் கொண்டுபோவேன். அவர்கள் கேட்க மாட்டார்கள், நாம்தான் காட்ட வேண்டும்.