மட்காட் விளிம்பை மடிக்க: குழாயா, ரோலரா?

காருக்கு அகலச் சில்லு மாட்டினால் பள்ளத்தில் விழும்போது மட்காட்டின் உள்விளிம்பு டயரை அறுக்கலாம். அதை உள்ளே மடித்தால் விளிம்பின் அகலத்துக்கு ஏற்ப இடம் கிடைக்கும்.

குழாய் முறைக்குச் செலவில்லை. டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் இரும்புக் குழாயைச் செருகிக் காரை மெல்ல உருட்டுவார்கள். அழுத்தம் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. மட்காட் வெளியே பிதுங்கிவிடும், கையும் நசுங்கலாம்.

ரோலர் என்பது விளிம்பை உருளையால் அழுத்தி மடிக்கும் கருவி. அதைச் சில்லு கழற்றிய ஹப்பில், அதாவது சில்லு பூட்டும் நடுப்பகுதியில், பூட்டுவோம். சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் பெயின்டை நன்றாகச் சூடாக்கி, இறுக்கத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பலமுறை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். அரை நாள் போகும். பெயின்டை ஆறவிட்டு ரோலரை ஓட்டினால் பெயின்ட் வெடிக்கும்.

கடலோரத் திருகோணமலையில் அந்த வெடிப்புத்தான் பெரிய பகை. உவர்மலை வீட்டு முற்றத்தில் நான் குழாயால் மடித்த பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு மட்டும் தெரிந்தது. உப்புக்காற்றும் மாரி மழையும் சேர, அந்தக் கோடு நீளத்துக்கும் துரு கொப்பளித்தது. மற்றப் பக்கம் இரவல் ரோலரால் மடித்தது, இன்றும் சுத்தமாக இருக்கிறது.

ஆகவே இரவல் வாங்கியாவது ரோலர்தான். பின் மட்காட்டில் பெரும்பாலும் இரட்டைத் தகடு, அதன் இடுக்கில் தண்ணீர் இறங்கும். அதனால் மடித்ததும் இடுக்கை அடைக்கும் சீலன்ட் பூசாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.