வீட்டு லினக்ஸ் கணினியில் சுகர்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலுள்ள டெபியன் எனும் லினக்ஸ் இயங்குதளம் கொண்ட சாதாரணக் கணினியில், மூன்றாம் தரத்தில் படிக்கும் மகளுக்காகச் சுகர் எனும் சிறுவர் பணிச்சூழலை, அதாவது திரையின் தோற்றத்தையும் செயலிகளைத் திறக்கும் முறையையும் தரும் மென்பொருளை, நிறுவினேன். 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்துக்காக உருவாகி, 2008 முதல் சுகர் லாப்ஸ் அமைப்பால் பேணப்பட்டுவரும் கட்டற்ற மென்பொருள் இது. ஏற்கெனவே உள்ள பணிச்சூழலை நீக்க வேண்டியதில்லை. உள்நுழையும் திரையில் வேண்டியதைத் தெரிவு செய்தால் போதும்.

என்னை மிகவும் கவர்ந்தது இதன் நாட்குறிப்புப் பகுதி. கோப்புப் பெயர், கோப்புறை எதையும் அறியாத பிள்ளை செய்த வேலைகூடத் தானாகவே சேமிக்கப்பட்டு, கால வரிசையில் காத்திருக்கிறது. திரையிலுள்ள ஆமையை நகர்த்தி வரையும் செயற்பாட்டில் (சுகரில் செயலிகளுக்கு இதுவே பெயர்), ஆமைக்குக் கட்டளையிடும் கட்டைகளுள் முன்னே செல்லும் கட்டையையும் 90 பாகை திரும்பும் கட்டையையும் நான்கு முறை மீளச் செய்யும் கட்டைக்குள் கோத்து மகள் சதுரம் வரைந்தாள்; பாகையை 120 ஆக்கி, முறையை மூன்றாகக் குறைத்தால் என்ன வரும் என்று அவளே கேட்டு, முக்கோணம் தோன்றியதும் துள்ளிக் குதித்தாள். இத்தகைய கேள்வியைப் பயிற்சிப் புத்தகம் எளிதில் எழுப்பாது.

ஒவ்வொரு செயற்பாடும் முழுத்திரையை நிரப்புவதால் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்க இயலாது. மேல்வகுப்பு மாணவருக்கு இது குறைதான். மேலதிகச் செயற்பாடுகளை முன்கூட்டியே தரவிறக்கி வைத்தால், அவற்றுள் பெரும்பாலானவற்றை இணைய இணைப்பின்றியே பயன்படுத்தலாம்.