செங்கல்லா, பிளாக்கா, ஜிப்சமா? ஒரு தடுப்புச் சுவரின் கணக்கு

மும்பை செம்பூரில் எங்கள் வீடு பழைய கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் இருக்கிறது. அம்மா எங்களோடு வந்து இருக்கப்போவதால் கூடத்தை மறித்து ஓர் அறை எடுக்க வேண்டியிருந்தது. மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம். கொத்தனார் நாலரை அங்குலச் செங்கல் சுவர் என்றார். மைத்துனர் ஏ.ஏ.சி. பிளாக், அதாவது காற்றுக் குமிழிகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கல், என்றார். நான் தகரச் சட்டத்தில் ஜிப்சம் போர்டு, அதாவது இருபுறமும் தடித்த காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை, என்றேன். கடையில் மாதிரிச் சுவரைத் தட்டிப் பார்த்த அம்மா, "என்னப்பா, அட்டைப்பெட்டி மாதிரி ஒலிக்கிறதே!" என்று முகம் சுளித்தார்.

நான் முதலில் பார்த்தது எடையை. இருபுறமும் பூசிய செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 250 கிலோவைத் தாண்டும். எங்கள் சுவருக்கு இரண்டேகால் டன். பத்து சென்டிமீட்டர் பிளாக், பூச்சோடு ஏறக்குறைய ஒரு டன். ஒற்றை அடுக்கு (புறத்துக்கு ஒரு போர்டு) ஜிப்சம் சுவர் 225 கிலோ, அவ்வளவுதான். குடியிருப்புத் தளத்தின் பயன்பாட்டுச் சுமையை, அதாவது மனிதர்களும் பொருள்களும் சேர்ந்த பாரத்தை, இந்தியத் தர விதி சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று வகுக்கிறது. கீழே உத்தரமே இல்லாத இடத்தில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 750 கிலோவை நிறுத்தச் சொல்பவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கீழ்வீட்டிலும் மனிதர்கள்தானே உறங்குகிறார்கள்!

இடமும் மிஞ்சுகிறது. செங்கல் சுவர் பூச்சோடு 140 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் சட்டத்தின் இருபுறமும் 12.5 மில்லிமீட்டர் போர்டு அடித்தால் 75. எங்கள் சுவரின் நீளத்துக்கு அது இரண்டு சதுர அடி மிச்சம்; இரட்டை அடுக்கானால் சற்றுக் குறையும். மும்பையில் வீடு வாங்கியவருக்கு அதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒலியைத் தடுப்பதில் செங்கல்தான் மேல். அதை மறைக்க மாட்டேன். ஒற்றை அடுக்குப் போர்டு சுவரில் பக்கத்து அறைப் பேச்சு கேட்கும். இருபுறமும் இரட்டை அடுக்கு, நடுவே ஒலியை உறிஞ்சும் கண்ணாடிக் கம்பளி (கண்ணாடி இழைப் பஞ்சு), தரையிலும் கூரையிலும் இடுக்கில்லாத அடைப்பு என்று செய்தால் வேறுபாடு வெகுவாகக் குறையும். எடை கூடும், அப்போதும் பிளாக்கைவிடக் குறைவுதான். சுவிட்ச் பெட்டிகளை மட்டும் சுவரின் இருபுறமும் முதுகோடு முதுகாக வைக்கக் கூடாது; அந்த வழியே ஒலி நுழையும்.

தண்ணீர்தான் ஜிப்சத்தின் எதிரி. பழைய வாடகை வீட்டில் போர்டைத் தரையில் முட்ட நிறுத்திவிட்டார்கள். தினமும் தரை துடைத்த ஈரத்தை அது உறிஞ்சி, இரண்டாம் மழைக்காலத்தில் அடிவிளிம்பு ஊறிப் பூசணம் பிடித்தது. போர்டுக்கும் தரைக்கும் இடையே பத்து மில்லிமீட்டர் விட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. குளியலறைப் பக்கம் பச்சை நிற ஈரத்தடுப்புப் போர்டுகூட எனக்குப் போதாது; நீர் நேரே விழும் இடத்துக்கு சிமென்ட் போர்டு அல்லது பிளாக்.

இதைவிட வருத்தம் தந்தது முலுண்டில் அக்கா வீடு. மேற்குச் சுவரில் ஆடி மழை கசிந்தது. வெளிப்பூச்சின் விரிசலைச் சரிசெய்யாமல், உள்ளே போர்டு ஒட்டி அழகாக்கிவிட்டார் ஒப்பந்தக்காரர். ஓராண்டில் அறையெங்கும் பூசண வாடை. பெயர்த்தபோது போர்டின் முதுகு முழுக்கக் கறுப்பு. அக்கா மகனுக்கோ மூச்சிழுப்பு நோய். கசியும் சுவருக்கு மேல் போர்டு ஒட்டுவதை வேலை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிளாக்கைக் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. தரைத்தளத்திலும், உத்தரத்தின் மேலும், சமையலறைப் பக்கத்திலும் அதையே வைப்பேன். மாடிக்கு மணல் சுமப்பதும் பூச்சுக்கு ஒரு வாரம் நீர் தெளிப்பதும் இருக்கத்தான் செய்யும்.

எங்கள் வீட்டில் இரட்டை அடுக்கு ஜிப்சம் எழுந்தது. போர்டு மூடும் முன்பே சாமி அலமாரி எங்கே வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு, அலமாரியின் பாரத்தைத் தாங்க அந்த இடத்தில் சட்டங்களுக்கிடையே கனமான ஒட்டுப்பலகை திருகச் செய்தேன். பலகை எங்கே என்று பின்னால் தெரிய, அளவு நாடாவைப் பிடித்து நிழற்படமும் எடுத்தோம். இப்போது குத்துவிளக்கும் வெண்கல மணியும் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன.