கெடாத கடற்கரையில் ஒரு வாடகை வீடு: சார்தீனியாவின் மூன்று கரைகள்

இத்தாலியின் சார்தீனியா தீவில் விடுமுறை வீடு தேடத் தொடங்கினால், முதலில் கண்ணில் படுவது வடகிழக்கில் உள்ள கோஸ்டா ஸ்மெரால்டாதான். 1962-இல் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கான் முன்னின்று அமைத்த கூட்டமைப்பு உருவாக்கிய செல்வந்தர் கரை அது. அழகான கடல்தான், மறுக்கவில்லை. ஆனால் மனிதக் கை அதிகம் படாத கரை வேண்டும் என்பவர்களுக்கு அந்தத் தீவிலேயே வேறு மூன்று இடங்கள் இருக்கின்றன. தென்மேற்கில் கோஸ்டா வெர்டே, மேற்கில் சினிஸ் தீபகற்பம், கிழக்கில் ஒரோசேய் வளைகுடாவின் பாவுனேய் பக்கம். மூன்றையும் ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்திப் பார்க்கிறேன். முடிவில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். இந்தக் கரைகள் தற்செயலாகக் கெடாமல் இருக்கவில்லை. 2004 நவம்பரில் சார்தீனிய மாநில அரசு, கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமானங்களுக்குத் தடை போட்டது. 2006-இல் வந்த நிலக்காட்சித் திட்டம் அந்தப் பாதுகாப்பை நிலைப்படுத்தியது. அதற்கு முன்பே ஒவ்வொரு கரைக்கும் ஒரு காவல் இருந்தது. கோஸ்டா வெர்டேயின் பின்னால் ஈயமும் துத்தநாகமும் வெட்டிய சுரங்க மலைகள் நின்றன. பாவுனேயில் கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் சுண்ணாம்புப் பாறை. சினிஸில் உப்பங்கழிகள்; 1997-இல் அறிவிக்கப்பட்ட கடல் காப்பகமும் பின்னர் சேர்ந்துகொண்டது.

வாடகைக்கு எடுப்பவருக்கு இதன் பொருள் மிக நேரடியானது. வாசல்படி இறங்கினால் மணல் என்று சொல்லத்தக்க வீடுகள் இங்கே மிகக் குறைவு. இருப்பவை பெரும்பாலும் தடைக்கு முன் கட்டியவை. ஆகவே வீட்டின் படங்களைப் பார்த்து மயங்குவதற்கு முன், அந்த வீட்டிலிருந்து தினமும் காலையில் தண்ணீர்வரை எப்படிப் போவீர்கள் என்று கேளுங்கள். காரிலா, படகிலா, காலாலா? மூன்று கரைகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

காற்று எந்தப் பக்கம்

விளம்பரங்கள் சொல்லாத விஷயங்களில் முதன்மையானது காற்று. வடமேற்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரலை இத்தாலியர் மாயெஸ்த்ராலே என்பார்கள். அது எழுந்தால் மேற்குக் கரை முழுவதும் அதன் வாயில் நிற்கிறது. கோஸ்டா வெர்டேயில் பிஷினாஸ் மணற்குன்றுகளைப் பார்த்தாலே அதன் வலிமை புரியும். அறுபது மீட்டர் அளவுக்கு உயர்ந்து, கடலிலிருந்து உள்நாட்டை நோக்கி நீளும் அந்தக் குன்றுகளை அடுக்கியதே இந்தக் காற்றுதான். அங்கே வளரும் ஜூனிபர் மரங்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிளைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, தரையோடு ஊர்ந்து கிடக்கின்றன. அப்படிப்பட்ட நாளில் பிஷினாஸிலோ பக்கத்து ஷீவு கரையிலோ குளிக்க இறங்கக் கூடாது. கரை சட்டென்று ஆழமாகும். அலை திரும்பும்போது ஆளை உள்ளே இழுக்கும். நன்றாக நீந்துபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

சினிஸும் மேற்கில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வசதி உண்டு. தீபகற்பம் என்பதால் ஒரு பக்கம் கடல் கொந்தளித்தாலும் மறுபக்கம் அமைதியாக இருக்க வாய்ப்பு அதிகம். திறந்த கடலைப் பார்த்த இஸ் அருத்தாஸ் கரையில் அலை எழும்பினால், தாரோஸ் முனைக்கு உட்புறம், ஒரிஸ்தானோ வளைகுடாவைப் பார்த்த கரைக்குப் போய்விடலாம். காரில் சிறிது தூரம்தான். விடுமுறையில் ஒரு நாளைக்கூட காற்றுக்குப் பலி கொடுக்க மனமில்லாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பாவுனேய்க் கரை கிழக்கு நோக்கியது. மலை மறைப்பதால் மிஸ்ட்ரல் நாட்களில் அங்கே கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். தென்கிழக்கிலிருந்து ஷிரொக்கோ வீசும் நாளில் நிலைமை தலைகீழாகும். படகுகள் புறப்படாது. படகு இல்லாவிட்டால் அங்கே நடந்து மட்டுமே போகக்கூடிய ஓரிரு கரைகள்தான் மிஞ்சும். இன்னொன்று: பாறைச் சுவர் மேற்கே நிற்பதால், பிற்பகலிலேயே பல குடாக்களில் நிழல் விழுந்துவிடும். மாலைச் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கிழக்குக் கரையில் வீடு எடுக்க வேண்டாம். வெயில் தாங்காத முதியவர்களுக்கோ அதே நிழல் வரம்.

வீடு எங்கே நிற்கிறது

கோஸ்டா வெர்டேயில் வீடுகள் கிடைக்கும் இடங்கள் சிலவே: தோரே தெய் கொர்சாரி, போர்த்து மாகா, குத்துரு ஃப்ளூமினி. சரிவில் கட்டிய எளிய கோடை வீடுகள், கீழே கடல். கடற்காட்சி என்று பார்த்தால் மூன்று கரைகளிலும் இதுதான் தாராளம். ஆனால் கோடை முடிந்ததும் கடைகள் மூடத் தொடங்கிவிடும். ஆர்புஸ் ஊருக்குப் போக மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏற வேண்டும். மருத்துவமனை மலைக்கு அப்பால் சமவெளியில் சான் கவினோவில் இருக்கிறது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும்.

பிஷினாஸுக்கு இறங்கும் பாதையில் ஒரு பகுதி இன்றும் மண்சாலைதான். கைவிடப்பட்ட இங்குர்தோசு சுரங்கக் கிராமம், கூரை இழந்த தாதுக் கழுவுகூடம் என்று இடிபாடுகளின் நடுவே அது போகிறது. கடற்கரையை நெருங்கியதும், துருப்பிடித்த தண்டவாளத்தில் சுரங்க வண்டிகள் அப்படியே நிற்கின்றன, சக்கரம்வரை மணல். பார்க்க வேண்டிய இடம், சந்தேகமே இல்லை. ஆனால் வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் மண்சாலையில் டயருக்கும் அடிப்பகுதிக்கும் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். அந்தப் பகுதியில் செந்நிறமாக ஓடும் ஓடையிலும் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். மோன்தெவெக்கியோ சுரங்கம் 1991-இல் மூடப்பட்ட பிறகும் பழைய சுரங்கங்களிலிருந்து கன உலோகங்கள் கலந்த நீர் கசிந்துகொண்டிருக்கிறது. அந்த நிறம் அதனால் வந்தது. கெடாத கரை என்று நாம் கொண்டாடும் இடத்திலேயே இப்படியொரு பழைய காயம் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பாவுனேயில் ஒரு பொறி உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து 480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே எடுக்கும் வீட்டின் மாடத்திலிருந்து கடல் மொத்தமும் தெரியும், உண்மை. அதைத் தொட வேண்டுமானால் கொண்டை ஊசி வளைவுகளில் கீழே இறங்க வேண்டும். கடலோரமாகத் தங்க விரும்பினால் கீழே உள்ள சாந்தா மரியா நவரேசேயைத் தேடுங்கள். சிறிய ஊர், பழங்காலக் காவல் கோபுரம், தேவாலயத்தைச் சுற்றி மிகப் பழமையான காட்டு ஒலிவ மரங்கள், நடந்து போகும் தூரத்தில் படகுத்துறை. கடை, மருந்தகம், ரொட்டிக்கடை எல்லாவற்றுக்கும் கார் எடுக்காமல் போய்வரக்கூடிய ஒரே கடலோரத் தேர்வு என்று இந்த மூன்றில் இதைத்தான் சொல்வேன்.

சினிஸில் நிலைமை கலவையானது. சான் ஜொவான்னி தி சினிஸ், ஃபுந்தானா மேய்கா ஆகிய இடங்களில் கடலை ஒட்டிய வீடுகள் கொஞ்சம் உண்டு, சீக்கிரம் போய்விடும். வடக்கில் புட்சு இது பக்கம் இன்னும் சில. பலரும் காப்ராஸ் ஊருக்குள்ளேயே தங்குகிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். காப்ராஸிலிருந்து இஸ் அருத்தாஸ் காரில் ஏறக்குறைய இருபது நிமிடம், சமதளச் சாலை. பெரிய மருத்துவமனை உள்ள ஒரிஸ்தானோ பக்கத்திலேயே இருக்கிறது. காலியாரி விமான நிலையத்திலிருந்து ஒரிஸ்தானோவுக்கு ரயில் உண்டு. மற்ற இரண்டு கரைகளுக்கும் இந்த வசதி இல்லை.

சினிஸின் குறை கொசு. உப்பங்கழி இருந்தால் ஃபிளமிங்கோவும் வரும், கொசுவும் வரும். ஒரிஸ்தானோ வட்டாரத்தில் கொசுவால் பரவும் மேற்கு நைல் காய்ச்சலும் பதிவாகியிருக்கிறது. எல்லா ஜன்னல்களிலும் வலை இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

காலுக்கடியில் இருப்பது

இஸ் அருத்தாஸின் கரையை மணல் என்று சொல்வது சரியாகாது. அரிசி மணி அளவுள்ள குவார்ட்ஸ் துகள்கள். ஒரு கைப்பிடி அள்ளினால் வெள்ளைக்கு நடுவே இளஞ்சிவப்பும், இங்கொன்று அங்கொன்றாக வெளிர் பச்சையும் தெரியும். ஈரக் காலில் பொடி மணலைப் போல அப்பிக்கொள்ளாமல் தட்டினால் உதிர்ந்துவிடும். தண்ணீருக்குள்ளும் அதே துகள்தான் என்பதால் கடல் கலங்குவதில்லை. கழுத்தளவு நீரில் நின்று உங்கள் கால்விரல்களைப் பார்க்கலாம். அந்தத் துகளில் ஒரு சிட்டிகைகூட எடுத்துவரக் கூடாது. 2017-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி மணல், கூழாங்கல், சிப்பி எடுப்பவர்களுக்கு 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் உண்டு. விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கிறார்கள். எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடிக்கும்.

பாவுனேயின் பெருமை காலா கொலோரிட்சே. 1962-இல் மலைச்சரிவு ஏற்பட்டு உருவான வெள்ளைக் கூழாங்கல் குடா. மேலே 143 மீட்டர் உயரப் பாறை ஊசி ஒன்று நிற்கிறது. 1995 முதல் இயற்கைச் சின்னம். கரைக்குப் படகில் வந்து இறங்க அனுமதியில்லை. கொல்கோ பீடபூமியிலிருந்து சுமார் மூன்றரை கிலோமீட்டர் கல் பாதையில் இறங்க வேண்டும். நாளுக்கு 250 பேர் மட்டும், முன்பதிவு கட்டாயம். இறங்குவது எளிது, நடுப்பகல் வெயிலில் திரும்பி ஏறுவதுதான் சோதனை. முழங்கால் வலி உள்ளவர்கள் ஆசையை அடக்கிக்கொண்டு காலா மரியோலுவுக்குப் படகில் போய்வரலாம்.

ஆக, பாவுனேயில் வீட்டு வாடகைக்கு மேல் படகுச் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். நால்வர் குடும்பத்துக்கு வாரத்தில் சில நாள் படகு என்றாலே வாடகையோடு போட்டி போடும் தொகையாகிவிடும். சினிஸில் வாகன நிறுத்தக் கட்டணத்தோடு செலவு முடிகிறது.

மூன்று கரைகளிலும் பழுப்பு நிறத்தில் மெத்தைபோல் குவிந்திருக்கும் இலைக்குவியலைப் பார்க்கலாம். அது குப்பை இல்லை. பொசிடோனியா ஓஷியானிக்கா என்ற கடற்புல். மத்தியதரைக் கடலில் மட்டுமே வளர்வது. குளிர்கால அலை மணலை அரித்துக்கொண்டு போகாமல் தடுப்பது அந்தக் குவியல்தான். கொஞ்சம் நாற்றம் வரும். அதற்காக வீட்டுக்காரரிடம் புகார் சொல்வதில் நியாயமில்லை.

சமையலறை

மூன்றிலும் சுயமாகச் சமைக்கும் வீடே நல்லது. மீன் சாப்பிடுபவர்களுக்குக் காப்ராஸ்தான். அங்கே மடவை மீனின் முட்டைப்பையை உப்பிட்டு உலர்த்திச் செய்யும் பொத்தார்கா தீவெங்கும் பெயர்பெற்றது. சைவர்களுக்குப் பாவுனேய் பக்கம் கொஞ்சம் எளிது: உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் புதினாவும் உள்ளே வைத்து, மாவைக் கதிர்போல் மடித்துச் செய்யும் குலுர்ஜோனெஸ். மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு என்பதால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். செம்மறிப் பாலில் செய்யும் பெக்கொரினோ பாலாடைக்கட்டிக்குப் பாலை உறைய வைக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்ப்பதுதான் மரபு. கண்டிப்பான சைவர்கள் அதையும் தவிர்க்க வேண்டியிருக்கும்.

யாருக்கு எது

நடக்கத் தெம்புள்ள இளைஞர்கள், பாறையேறுபவர்கள், காரே இல்லாமல் ஓர் ஊரில் தங்கிப் படகில் சுற்ற விரும்புபவர்கள் சாந்தா மரியா நவரேசேயை எடுக்கலாம். யாரையும் பார்க்காமல், தொலைபேசி சிக்னல்கூடச் சரியாக எட்டாத இடத்தில் ஒரு வாரம் கிடக்க வேண்டும் என்பவர்களுக்குக் கோஸ்டா வெர்டேயைப் போல் இன்னொன்று கிடையாது. மிஸ்ட்ரல் அடித்தால் புத்தகத்தோடு வீட்டுக்குள் உட்காரத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தாத்தா பாட்டி, பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையாகப் போகும் குடும்பத்துக்கு என் வாக்கு சினிஸுக்கு. கடல் சலித்தால், பண்டைய கடல்வணிகர்களான ஃபினீசியர்கள் தொடங்கிய தாரோஸ் நகர இடிபாடுகள் இருக்கின்றன. 1974-இல் உழவர்கள் நிலத்தில் தற்செயலாகக் கண்டெடுத்த மோன்தெ பிராமா கல் வீரர்கள் காப்ராஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறார்கள். வட்டம் வட்டமாகச் செதுக்கிய அந்தக் கண்களைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும்.

எந்தக் கரையானாலும் முன்பணம் அனுப்புவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 தொடக்கம் முதல் இத்தாலியில் குறுகிய கால வாடகை வீடுகள் தேசிய அடையாளக் குறியீட்டை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும். அது இல்லாத வீட்டைத் தொடாதீர்கள். படுக்கை விரிப்பு, கடைசி நாள் துப்புரவு ஆகியவற்றுக்குத் தனிக்கட்டணம் உண்டா, ஊருக்கு வெளியே உள்ள வீடானால் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு அந்தத் தீவுக்குப் புதிதல்ல. உச்சப் பருவத்தில் பெரும்பாலான வீடுகள் சனி முதல் சனி வரைதான் கிடைக்கும் என்பதால், விமான டிக்கெட்டை அதற்கேற்ப எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களில் இத்தாலி முழுவதும் கடற்கரையில் இருக்கும், அப்போது போகாதீர்கள். செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். ஆனால் காப்ராஸில் செப்டம்பரின் முதல் வார இறுதியில், வெள்ளை உடை அணிந்த நூற்றுக்கணக்கானோர் சான் சல்வத்தோரே சிலையைச் சுமந்து வெறுங்காலுடன் ஓடும் விழா நடக்கும். அதைப் பார்க்க ஆசையிருந்தால் வீட்டைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவையுங்கள். அமைதி மட்டும் போதுமென்றால் அடுத்த சனிக்கிழமை போய் இறங்குங்கள்.