வெள்ளத்தில் நிற்கும் கல்லுக்கு எந்த மாடல்? தாமிரபரணியை வைத்து ஓர் ஒப்பீடு

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைகொள்ளாமல் போன அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, ஆற்றுக்குள் நிற்கிற ஒவ்வொன்றின் மேலும் ஒரு கண் விழுந்திருக்கும். குறுக்குத்துறை முருகன் கோயில் நீர் வரும் பக்கம் படகு முனைபோல் கட்டப்பட்டது. தைப்பூச மண்டபம் கூர்மூலைக் கல்கட்டு. குடிநீர்த் திட்ட உறைகிணறுகள் உருளை. மூன்றும் ஆற்றுப் படுகையில் ஊன்றி நிற்பவை, மூன்றையும் சுற்றிப் போவது கொந்தளிப்பான ஓட்டம். ஆனால் இந்த ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும்போது, கொந்தளிப்பைத் தோராயமாக்கும் சமன்பாட்டுத் தொகுப்பு, அதாவது மாடல், மூன்றுக்கும் ஒன்றே ஒத்துவராது.

முதலில் கே-எப்சிலான்: கொந்தளிப்பின் ஆற்றலையும் அது தேயும் வேகத்தையும் இரண்டு சமன்பாடுகளில் கணக்கிட்டு, ஓட்டத்தின் சராசரியைத் தரும் மாடல். பல மென்பொருள்களில் முன்னால் வந்து நிற்கும், வேகமாக முடியும், வண்ணப்படம் கண்ணைப் பறிக்கும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் பல இதில்தான் ஓடுகின்றன. நீர் வழுக்கிப் போகாமல் பின்னால் பிரிந்து போகும் மொண்ணையான பொருளுக்கு இதைவிட மோசமான தேர்வு குறைவு.

தரையில் ஒட்டிய கனசதுரத்தின் மேல் மார்ட்டினுஸியும் ட்ரோப்பியாவும் 1993-இல் வெளியிட்ட அளவீடு இதற்கு உரைகல். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகமும் அளவும் நீரின் பாகுத்தன்மையை எவ்வளவு மிஞ்சுகின்றன என்று காட்டுவது) 40,000. கனசதுரத்துக்குப் பின்னால் பிரிந்த ஓட்டம் அதன் உயரத்தைப்போல் 1.6 மடங்கு தூரத்தில் தரையில் மறுபடி ஒட்டுகிறது. கார்ல்ஸ்ருவேயில் ரோடி 1997-இல் செய்த ஒப்பீட்டில் கே-எப்சிலான் கொடுத்தது ஏறக்குறைய 2.2. மேலே இன்னொரு கோளாறு: அளவீட்டில் கூரை மேல் பிரிந்த ஓட்டம் திரும்ப ஒட்டவே இல்லை, இந்த மாடலிலோ பாதிக் கூரை தாண்டுமுன் ஒட்டிவிடுகிறது. நீர் நேராக வந்து மோதும் முகத்தில் கொந்தளிப்பு ஆற்றலை இது அளவுக்குமேல் உற்பத்தி செய்வதுதான் காரணம்.

அந்த உற்பத்தியை அடக்க காட்டோவும் லாண்டரும் ஒரு திருத்தம் சொன்னார்கள். அதைப் போட்டதும் கூரைக் கோளாறு சரியானது, பின்பக்க நீளமோ 2.7-க்குப் போய்விட்டது! பின்னால் சுழல்கள் விட்டுவிட்டு உதிர்ந்து நீரைக் கலக்குவதை நேரத்தோடு மாறாத நிலையான கணக்கு பார்ப்பதே இல்லை. முன்பக்கத் தவறு அந்தக் குறையை ஓரளவு மறைத்துக் கொண்டிருந்திருக்கிறது. ஒரு தவறு இன்னொரு தவறுக்கு முட்டுக் கொடுப்பதைச் 'சரியாக வருது சார்' என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்த எண்களைத்தான் காட்டுவேன்.

மென்டர் 1994-இல் தந்த எஸ்எஸ்டி, சுவரோரத்துக்கு வேறு சமன்பாடு சேர்த்த கலப்பு மாடல், நல்ல நடுத்தரம். ஓட்டம் எங்கே பிரிகிறது என்பதை இது நன்றாகவே பிடிக்கும். மண்டபம் போன்றவற்றில் பிரியும் இடத்தை மூலையே தீர்மானித்துவிடுவதால் மாடலுக்கு வேலை மிச்சம். படகு முனையில் முன்பக்கம் பெரிதாகப் பிரியாது, அதனால் அங்கே சராசரி விசை மட்டும் வேண்டுமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். உறைகிணறுதான் சிக்கல். வளைவில் பிரியும் இடம் ரெனால்ட்ஸ் எண்ணையும் சிமென்ட் பூச்சின் சொரசொரப்பையும் பொறுத்து நகரும். அங்கே எஸ்எஸ்டி சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதையே நேரத்தோடு ஓட்டினால் சுழல் உதிர்வது தெரியும், ஆனால் வீச்சு மழுங்கியிருக்கும்.

எல்இஎஸ் பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிட்டுச் சிறியவற்றை மட்டும் மாடலாக்குகிறது. மேலே சொன்ன கனசதுரத்தில் அளவீட்டை ஒட்டிவந்தது இதுதான். விலை? அதே ஒப்பீட்டில் கே-எப்சிலானுக்கு நிமிடக் கணக்கு, இதற்கு நூறு மணி நேரத்துக்கு மேல்.

நம் ஆற்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகம் நொடிக்கு 2 மீட்டர், தூணின் அகலம் 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சதுரத் தூணின் ஸ்ட்ரூஹல் எண் (சுழல் உதிரும் அதிர்வெண்ணை அகலத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தது) 0.13 அளவில் இருப்பதால் ஏறத்தாழ 4 நொடிக்கு ஒரு சுழற்சி. சராசரி நிலைக்க 50 சுழற்சியாவது வேண்டும், அதாவது 200 நொடி. கணக்குக்காக நீரை வெட்டும் சிறு கட்டம், அதாவது செல், 2 செ.மீ. என்றால் நேர அடி (கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம்) 0.005 நொடிக்கு மேல் போகக்கூடாது. 40,000 அடிகள்! அதுவும் படுகையை ஒட்டிய மெல்லிய அடுக்கை நுணுக்கமாகக் கணக்கிடாமலே. அதையும் கணக்கிடப் போனால் முதல் செல் 0.01 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஆற்று மணல் பருக்கையே அரை மில்லிமீட்டர் இருக்கும்! பருக்கையை வழவழ தரையாக்கிவிட்டு அதற்குமேல் நுண்ணிய மெஷ் (செல்களின் வலை) போடுவது வீண் வேலை. சுவரோர வேகத்தை ஒரு சூத்திரத்தால் மதிப்பிடும், சொரசொரப்பைச் சேர்த்த சுவர்ச் சமன்பாடுதான் இங்கே நேர்மையான வழி, எல்இஎஸ்ஸிலும்.

மிச்சம் டிஇஎஸ். ஸ்பாலார்ட் 1997-இல் முன்வைத்த கலப்பு இது: சுவரோரம் எஸ்எஸ்டி போன்ற மாடல், விலகிப் போனால் எல்இஎஸ். மண்ணரிப்புக்கு நான் கை வைப்பது இதில்தான். தூணின் காலடியில் உருவாகும் குதிரைலாடச் சுழல்தான் மணலைத் தோண்டுவது, அது ஓரிடத்தில் நிற்காது. டெவன்போர்ட்டும் சிம்ப்சனும் 1990-இல் ஓர் இறக்கை சுவரோடு சேரும் சந்திப்பில் அளந்தபோது அங்குள்ள வேகம் இரண்டு நிலைகளுக்கிடையே மாறிமாறித் தாவுவது தெரிந்தது. நிலையான எஸ்எஸ்டி இரண்டின் சராசரியைக் கொடுக்கும், அப்படி ஒரு சுழல் எந்த நொடியிலும் இருப்பதில்லை. மணலைக் கிளப்புவதோ உச்சங்கள். இந்தத் தாவலை 2007-இல் பைக்கும் கூட்டாளிகளும் டிஇஎஸ்ஸில் பிடித்துக் காட்டினார்கள். தொல்லையும் உண்டு: சுவரோரம் மெஷ்ஷை இரண்டுங்கெட்டானாக நெருக்கினால் இல்லாத இடத்தில் ஓட்டம் பிரிந்துவிடும். 2006-இல் வந்த டிடிஇஎஸ், சுவரோரத்தில் எல்இஎஸ்ஸுக்கு மாறுவதைத் தாமதிக்கும் வடிவம், அதற்கான மருந்து, பழையதை விட்டு அதையே எடுங்கள்.

வெள்ளம் மண்டபத்தை முழுக்க மூழ்கடித்தால் மேற்சொன்னவை பொருந்தும். தலை வெளியே தெரிந்தால் நீர்மட்டம் முன்னால் ஏறிப் பின்னால் இறங்குவதையும் கணக்கில் எடுக்க வேண்டும், செலவு இன்னும் ஏறும்.

லேப்டாப் மட்டும்தான் கையில் என்றால் எஸ்எஸ்டியோடு மண்டபத்துக்குப் போங்கள், உறைகிணற்றை விட்டுவிடுங்கள். கல்லூரியில் ஒரு கிளஸ்டர் கிடைத்தால் டிடிஇஎஸ். எதுவானாலும் ஆற்றில் இறங்குமுன் அந்தக் கனசதுரத்தை உங்கள் மெஷ்ஷில் ஒருமுறை ஓட்டுங்கள். எஸ்எஸ்டியில் எவ்வளவு விலகுகிறது என்று குறித்து வையுங்கள். டிடிஇஎஸ்ஸில் 1.6-க்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் கோளாறு மெஷ்ஷிலோ உள்நுழையும் ஓட்டத்திலோ இருக்கிறது, அங்கேயே தேடுங்கள்.